கை ஆட்டினா தெரியும் வீடு... நடந்து போனா இருபது நிமிஷம்!

ஆம்பூர்ல பிரியாணி சாப்பிடப் போனவங்களைத்தான் நீங்க பார்த்திருப்பீங்க. நான் போன மாசம் ஒரு சுவரைப் பார்க்கப் போனேன். அதாவது, போனது ஃப்ரெண்டோட புது வீட்டைப் பார்க்க. பார்த்துட்டு வந்தது சுவரை!

வேலூர்ல பஸ் ஏறி, ஆம்பூருக்குக் கொஞ்சம் முன்னாடி சர்வீஸ் ரோட்டுல இறங்கி போன் போட்டேன். "மச்சி, தலையைத் தூக்கிப் பாரு"ன்னான். பார்த்தா, மொட்டை மாடியில நின்னு கை ஆட்டறான். பனியன் கலர்கூடத் தெரியுது. "தோ வந்துட்டேன்டா"ன்னு ரெண்டு அடி எடுத்து வெச்சேன். "டேய்... டேய்... அந்தப் பக்கம் வழி இல்ல. திரும்பி நட. பெட்ரோல் பங்க் வரும். அங்க லெஃப்ட். அப்புறம் கோயில். கோயிலைச் சுத்திகினு வா"ன்னான்.

சுத்திகினு போனேன். வேர்த்துகினும் போனேன். செல்போன் மேப்பை வெச்சு அளந்து பார்த்தா, நான் இறங்கின இடத்துல இருந்து அவன் வீடு நேர்கோட்டுல 200 மீட்டர். நடந்தது 1,600 மீட்டர். எட்டு மடங்கு! நடுவுல இருக்கறது ஒரு சின்ன கால்வாய், ஒரு சுவர். அவ்வளவுதான்.

எனக்கு ஒரு நாள் கூத்து. அவன் அம்மாவுக்கு அது தினசரி பாடு. அவங்க ஷூ கம்பெனியில ஸ்டிச்சிங் செக்ஷன். காலையில ஏழு மணிக்கு கம்பெனி பஸ் அதே சர்வீஸ் ரோட்டுல வந்து நிக்கும். சாயங்காலம் அதே இடத்துலதான் இறக்கி விடும். "போன தை மாசம் வரைக்கும் அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன் தம்பி. அங்க ஒரு காலி மனை இருந்துச்சு. கால்வாய் மேல ரெண்டு கல்லு போட்டு வெச்சிருந்தோம். எங்க தெரு பொம்பளைங்க எல்லாம் அது வழியாத்தான் போவோம். மனைக்காரர் வீடு கட்டினாரு. சுவர் வெச்சாரு. அவர் மேல தப்பு சொல்ல முடியுமா? அவர் இடம், அவர் காசு."

கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைக்கு 1,400 மீட்டர் அதிகம். போக வர 2.8 கிலோ மீட்டர். மாசம் 25 நாள் வேலைன்னா 70 கிலோ மீட்டர். ஆம்பூர்ல இருந்து வேலூரே சுமார் 50 கிலோ மீட்டர்தான் பாஸ்! ஒரு சுவர், ஒரு அம்மாவை மாசா மாசம் வேலூரைத் தாண்டி நடக்க வைக்குது.

ஊர் வளருது, ரோடு நிறைய வருது, அப்புறம் ஏன் நடை மட்டும் நீளுது? இந்தக் கேள்வியோடத்தான் வீடு திரும்பினேன்.

தெருவுக்கும் கணக்கு உண்டு!

மேத்ஸ் மேஜர் மக்களுக்கு இது அல்வா. மத்தவங்க பயப்பட வேண்டாம், அரியர் விழாது.

1736-ல ஆய்லர்னு ஒரு கணித மேதை. கோனிக்ஸ்பெர்க் ஊர்ல ஏழு பாலம். இன்னிக்கு அந்த ஊர் ரஷ்யாவுல இருக்கற கலினின்கிராட். ஏழு பாலத்தையும் ஒரே ஒரு தடவை மட்டும் கடந்து ஊரைச் சுத்தி வர முடியுமான்னு ஊர்க்காரங்களுக்கு ஒரு விளையாட்டுக் கேள்வி. ஆய்லர் பாலத்தோட நீளம், அகலம் எதையும் பார்க்கல. எது எதோட இணையுதுன்னு மட்டும் பார்த்தார். முடியாதுன்னு நிரூபிச்சுட்டார். இன்னிக்கு கிராஃப் தியரின்னு நாம பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படிக்கறோமே, அதோட பிள்ளையார் சுழி அதுதான்.

அதே கண்ணோட தெருவைப் பாருங்க. சந்திப்பு ஒரு புள்ளி. ரெண்டு சந்திப்புக்கு நடுவுல இருக்கற தெரு ஒரு கோடு.

ஒன்பது புள்ளி வைங்க, மூணுக்கு மூணா, கோலம் போடற மாதிரி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளியை எல்லாம் சேர்த்தா 12 கோடு வரும். ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்குப் போக ஆறு குறுக்கு வழி, ஆறும் ஒரே தூரம். ஒரு தெருவுல குழி தோண்டிட்டாங்களா? கவலை இல்ல, அடுத்த தெரு.

இப்ப அதே ஒன்பது புள்ளியை மரக்கிளை மாதிரி சேர்த்துப் பாருங்க. எட்டுக் கோடு போதும், எல்லாப் புள்ளியும் இணைஞ்சுடும். ஆனா எங்கே போகணும்னாலும் ஒரே ஒரு வழிதான். அதுல ஒரு கோட்டை அழிச்சா ஊர் ரெண்டாப் போச்சு!

வித்தியாசம் எவ்வளவு? வெறும் நாலே நாலு தெரு. மனை போடறவர் கணக்குல அந்த நாலு தெரு விக்க முடியாத இடம். நடக்கறவர் கணக்குல அதுதான் உயிர்.

வேலூர்ல ஒரு ரவுண்டு

வேலூரையே எடுத்துக்கலாம். நடுவுல கோட்டை. சுத்தி அகழி. 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த அதே கோட்டை. மதுரையில 19-ம் நூற்றாண்டுல கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிச்சு, அகழியை மூடி, அந்த இடத்துலதான் வெளி வீதிகள் வந்துச்சு. மதுரையில தடுப்பு தெருவாச்சு. வேலூர்ல கோட்டை அப்படியே நிக்குது. ஊர் அதைச் சுத்திகினு போகுது. அதுல வருத்தம் இல்ல, கோட்டை நம்ம சொத்து!

கோட்டைக்குக் கிழக்கே பழைய ஊருக்குள்ள போங்க. லாங்கு பஜார், மெயின் பஜார், மண்டித் தெரு... அகலம் குறைச்சல், கூட்டம் ஜாஸ்தி, காது கிழியற ஹார்ன். ஆனா ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? பத்தடிக்கு ஒரு சந்து. ஒரு தெரு அடைச்சா இன்னொண்ணுல புகுந்து வந்துடலாம். சி.எம்.சி.க்கு வர்ற வெளியூர்க்காரங்க ரெண்டே நாள்ல குறுக்கு வழி கத்துக்கறாங்க. வண்டிக்கு மோசமான ஏரியா, காலுக்கு நல்ல ஏரியா.

அடுத்து சத்துவாச்சாரி. வீட்டுவசதி வாரியம் போட்ட பேஸ் 1, பேஸ் 2, பேஸ் 3. காட்பாடிப் பக்கம் காந்தி நகர். இதெல்லாம் ஒரே கையால திட்டம் போட்டு வந்த குடியிருப்புகள். மெயின் ரோடு, குறுக்குத் தெரு, திரும்ப மெயின் ரோடு. அட்ரஸ் தெரியாமப் போனாலும் வீட்டைக் கண்டுபிடிச்சுடலாம்.

அதுக்கும் வெளியில போங்க. அங்கேதான் நம்ம ஃப்ரெண்ட் வீடு மாதிரி வீடுங்க. 2008-ல வேலூர் மாநகராட்சி ஆச்சு. 2011-ல சத்துவாச்சாரி, தாராபடவேடு மாதிரி பக்கத்து ஊருங்க எல்லாம் அதுக்குள்ள வந்துச்சு. அதே 2011 சென்சஸ்ல ஆம்பூர் மக்கள்தொகை 1.14 லட்சம். மாநகராட்சி, நகராட்சின்னு பலகை மாறினாலும் பலகைக்கு வெளியில நிலம் வீடாகறது நிக்கல.

ஒரு ஏக்கர், ஒரு தெரு, ஒரு சுவர்

அது எப்படி நடக்குது? ஒருத்தருக்கு ரெண்டு ஏக்கர் நிலம். வித்துடலாம்னு முடிவு பண்றார். நடுவுல ஒரு தெரு போட்டு, ரெண்டு பக்கமும் மனை பிரிக்கறாங்க. தெரு எங்க முடியுது? அவர் நிலம் முடியற இடத்துல. அதுக்கு மேல பக்கத்துக்காரர் கொல்லை. அஞ்சு வருஷம் கழிச்சு பக்கத்துக்காரரும் விக்கறார். அவரும் ஒரு தெரு போடறார். அது மெயின் ரோட்டுல ஆரம்பிச்சு, இவர் சுவர்ல வந்து முட்டுது. ரெண்டு தெருவும் முதுகோட முதுகு ஒட்டிகினு நிக்குது. நடுவுல ஒன்பது இன்ச் செங்கல்!

யாரும் கெட்ட எண்ணத்தோட பண்ணல. ஆனா பத்துப் பேர் தனித்தனியா சரியாப் பண்ணினது, ஒண்ணாச் சேரும்போது தப்பா வருது. வயக்காட்டு வரப்பு எப்படிப் போச்சோ, அப்படியே தெருவும் போகுது. வரப்புல யார் வேணா நடக்கலாம். சுவத்துல நடக்க முடியுமா?

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கா? உங்க வீட்டுலயும் அப்பா தலையில கை வெச்சு உட்கார்ந்திருக்கலாம். 2017-ல அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்துச்சு. பணம் கட்டினா மனைக்கு அங்கீகாரம். நல்லதுதான். ஆனா வரன்முறை பண்ணினா பத்திரம் நேராகும், முட்டி நிக்கற தெரு நேராகாது.

தெரு விஷயத்துல ஒரு வில்லங்கம் இது. வீட்டை இடிச்சுக் கட்டலாம். ஓட்டு வீடு மாடி வீடாகும், மாடி வீடு கடையாகும். தெரு மட்டும் போட்டது போட்டதுதான். மதுரையில ஆடி வீதி, சித்திரை வீதி, மாசி வீதின்னு இன்னிக்கும் நாம அந்தப் பழைய கோட்டு மேலதானே நடக்கறோம்? இன்னிக்கு ஆம்பூர் ஓரத்துல ஒரு சுவர் தப்பா வந்தா, நம்ம பேரப்பிள்ளையும் கோயிலைச் சுத்திகினுதான் வருவான்.

ஆறு, ரயில், ஹைவே

இது சின்னச் சுவர். நம்ம பெல்ட்டுல மூணு பெரிய சுவர் இருக்கு. பாலாறு, ரயில் பாதை, சென்னை - பெங்களூரு ஹைவே. மூணும் வாணியம்பாடி, ஆம்பூர் வழியா வேலூர்ப் பக்கம் கிட்டத்தட்ட கூடவே ஓடி வருது. ஒவ்வொண்ணும் தூரத்து ஊரை நமக்குப் பக்கத்துல கொண்டு வந்துச்சு. ஆம்பூர் ஷூ ஐரோப்பா வரைக்கும் போகுது. ஆனா பக்கத்து ஊரைத் தூரமாக்கிடுச்சு. இந்தப் பக்கம் நூறு தெரு, அந்தப் பக்கம் நூறு தெரு இருக்கும். ரெண்டையும் சேர்க்க ஒரு பாலம். நம்ம ஒன்பது புள்ளிக் கணக்குல, அழிச்சா ஊர் ரெண்டாகிற அந்த ஒத்தைக் கோடு இதுதான்.

2021 நவம்பர். வருஷம் பூரா மணலாக் கிடக்கற பாலாறு கரை புரண்டு வந்துச்சு. வேடிக்கை பார்க்க நாமளும் போய் செல்ஃபி எடுத்தோம். மாதனூர் - உள்ளி தரைப்பாலம் அடிச்சுகினு போச்சு. விரிஞ்சிபுரம் - வடுகன்தாங்கல் தரைப்பாலமும் சேதம். ஆத்துக்கு அந்தாண்ட குடியாத்தம் பக்கத்துல இருந்து ஆம்பூர்ப் பக்கம் வேலைக்கு வர்றவங்க, காலேஜ் வர்றவங்க எல்லாம் பள்ளிகொண்டா வரைக்கும் போய்ப் பாலம் ஏறி வர வேண்டிய நிலைமை. அதே வருஷம் டிசம்பர்ல திருவலம் பக்கத்துல பொன்னை ஆத்து ரயில் பாலத்துல பழுதாகி, சென்னை ரயில்கள் ரத்து. சீசன் டிக்கெட் நண்பர்களுக்கு அந்த வாரம் மறக்காது.

2022 ஜூன். காட்பாடி ரயில்வே மேம்பாலத்தைப் பழுது பார்க்க மூடினாங்க. வேலூர்ல இருந்து சித்தூர்ப் பக்கம் போற வழி அது. ஒரு மாசம் ஊரே தலைகீழ். அந்தப் பாலத்தோட அருமை அப்பதான் தெரிஞ்சுது. ஆம்பூர் ரெட்டித்தோப்பு ரயில்வே குகைவழியில மழைக்குத் தண்ணி நிக்கறதும், அங்க மேம்பாலம் வேணும்னு ஜனங்க கேட்டுக் கேட்டு அலுத்ததும் அந்த ஊர் மக்களைக் கேட்டா கதை கதையாச் சொல்வாங்க.

ஹைவே கதை வேற மாதிரி. பெங்களூரு போறவனுக்கு ஜாலி. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கற ஸ்கூலுக்குப் போற பையனுக்கு? ரோடு அகலமாக ஆக, குறுக்கே போறது கஷ்டமாகும். ஒரு கிலோ மீட்டர் தள்ளி இருக்கற சுரங்கப்பாதைக்குப் போகணும், இல்லேன்னா தடுப்புச் சுவரைத் தாண்டிக் குதிக்கணும். நம்ம ஆளுங்க எதைப் பண்ணுவாங்கன்னு சொல்லணுமா? "ஜனங்களுக்குப் பொறுமையே இல்ல"ன்னு திட்டறதுக்கு முன்னாடி, அந்த ஒரு கிலோ மீட்டரை மதியம் ரெண்டு மணி வேலூர் வெயில்ல நடந்து பார்த்துட்டுத் திட்டலாம்.

உலகம் பூரா இதே கதைதான்

நம்ம ஊர்தான் இப்படின்னு ஃபீல் பண்ணாதீங்க. அமெரிக்காவுல 1929-ல நியூஜெர்சியில ராட்பர்ன்னு ஒரு குடியிருப்பு கட்டினாங்க. கார் தொந்தரவு இல்லாம குழந்தைங்க விளையாட, முட்டுச்சந்தா தெரு போட்டாங்க. ஆனா ஒரு நல்ல காரியமும் சேர்த்துப் பண்ணினாங்க. வீட்டுக்குப் பின்னாடி பார்க் வழியா நடைபாதை. கார் முட்டி நிக்கும், கால் போய்க்கினே இருக்கும். பின்னாடி வந்தவங்க முட்டுச்சந்தை மட்டும் காப்பி அடிச்சாங்க, நடைபாதையை விட்டுட்டாங்க. நம்மள மாதிரிதான், பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதும்போது முக்கியமான ஸ்டெப்பை விட்டுடுவோமே!

கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை வெச்சு உலகத்துத் தெருக்களை எல்லாம் அலசினாங்க. 2015-ல அமெரிக்காவைப் பத்தி ஒரு கட்டுரை. அங்க தெருக்களோட இணைப்பு இருபதாம் நூற்றாண்டு பூரா குறைஞ்சுகினே வந்து, 1994 வாக்குல அடிமட்டத்தைத் தொட்டு, அப்புறம் மெதுவா நிமிர ஆரம்பிச்சுதாம். 2020-ல உலகம் பூராவுக்கும் ஒரு கட்டுரை. 1975-ல இருந்து பார்த்தா, உலகத்துல பல இடங்கள்ல புதுசாப் போடற தெருக்கள் வர வர இணைப்பு குறைஞ்சுதான் வருது. அவங்க விட்டதை நாம பிடிக்கறோம்!

முட்டுச்சந்து அவ்வளவு மோசமா?

நியாயமாப் பேசணும்ல? ஃப்ரெண்டோட அப்பாகிட்ட கேட்டேன். "வழி திறந்து விட்டா ஹைவே வண்டி எல்லாம் ட்ராஃபிக்ல இருந்து தப்பிக்க நம்ம தெருவுலதான் புகும். இப்ப பாரு, பசங்க கிரிக்கெட் ஆடறாங்க. திருட்டு பயமும் கம்மி"ன்னார். அதுவும் உண்மைதானே! லாங்கு பஜார்ல போய் யாராவது கிரிக்கெட் ஆட முடியுமா?

அம்மா விடல. "ஆள் நடமாட்டம் இல்லாத தெருவுல ராத்திரி எட்டு மணிக்கு நான் தனியா வர்றேனே, அதுக்குப் பயம் இல்லியா? போன வருஷம் உங்கம்மாவுக்கு நெஞ்சு வலின்னு 108-க்குப் போன் பண்ணமே, அந்த டிரைவர் சுவத்துக்கு அந்தாண்ட வந்து நின்னுகினு ஹார்ன் அடிச்சாரே, மறந்துட்டீங்களா?"

வீட்டுல கொஞ்ச நேரம் அமைதி. பாட்டி பிழைச்சுட்டாங்க. ஆனா அந்தப் பத்து நிமிஷத்தை அந்த வீட்டுல யாரும் மறக்கல.

ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தான். அதுக்குத் தீர்வும் இருக்கு. ஸ்பெயின்ல பார்சிலோனாவுல 1859-லயே இல்டெஃபோன்ஸ் செர்தாங்கற இன்ஜினீயர் கட்டம் கட்டமா தெரு வரைஞ்சார். 2016-ல அந்த ஊர்ல என்ன பண்ணினாங்க தெரியுமா? சில கட்டங்களை ஒண்ணாச் சேர்த்து, உள் தெருவுல வெளி வண்டி குறுக்கே ஓடாதபடி திருப்பி விட்டாங்க. நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும் எல்லாப் பக்கமும் வழி திறந்தே இருக்கு. அதாவது, காருக்கு முட்டுச்சந்து, காலுக்கு வழி. சுவத்துல நாலடி அகலத்துக்கு ஒரு இடைவெளி, நடுவுல ஒரு குட்டைத் தூண் நட்டா லாரி வராது. அம்மா வருவாங்க. பசங்க கிரிக்கெட்டும் ஆடலாம்.

நாம என்ன கிழிக்கலாம்?

ஊரிசு, முத்துரங்கம், ஆக்ஸிலியம், டி.கே.எம்., வி.ஐ.டி., ஆம்பூர் மஸ்ஹருல் உலூம், வாணியம்பாடி இஸ்லாமியா... எந்த காலேஜா இருந்தாலும் சரி. இதைப் பண்ணிப் பாருங்க.

ஒண்ணு: உங்க வீட்டுல இருந்து பஸ் ஸ்டாப், ஸ்கூல், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி. நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு, நடக்கற தூரம் எவ்வளவுன்னு மேப்புல அளங்க. நடையை நேர்கோட்டால வகுங்க. ஒண்ணரைக்குள்ள வந்தா நீங்க குடுத்து வெச்சவங்க. ரெண்டைத் தாண்டினா யோசிக்கணும். எட்டு வந்தா... எங்க ஃப்ரெண்ட் வீட்டுக்குப் பக்கத்து வீடா நீங்க?

ரெண்டு: உங்க ஏரியாவுல எத்தனை தெரு முட்டி நிக்குது, எங்கெங்க ஒரே ஒரு சுவரோ கால்வாயோ தடுக்குதுன்னு குறிச்சுக்குங்க. ஜனங்க தானாவே பயன்படுத்தற காலி மனை ஒத்தையடிப் பாதையையும் குறிங்க. வழி எங்க வேணும்னு காலே காட்டிக் குடுத்திருக்கும். மனை வீடாகறதுக்கு முன்னாடி அதைச் சொன்னாத்தான் உண்டு.

மூணு: ஓபன் ஸ்ட்ரீட் மேப்புல யார் வேணா தெரு சேர்க்கலாம். உங்க சந்தைச் சேருங்க. ஆம்புலன்ஸ் டிரைவரும் டெலிவரி அண்ணனும் மேப்பைத்தானே பார்க்கறாங்க?

நாலு: அதை எடுத்துகினு வார்டு கவுன்சிலர்கிட்ட போங்க. 2022-ல இருந்து நகரங்கள்ல ஏரியா சபைக் கூட்டம் வந்திருக்கு. கிராம சபை மாதிரி. அங்க "ரோடு சரியில்ல, லைட் எரியல"ன்னு சொல்றவங்க நிறைய. "இந்த இடத்துல நாலடி வழி வேணும், இதனால இத்தனை வீட்டுக்கு இவ்வளவு நடை மிச்சம்"னு பேப்பரோட போறவங்க கம்மி. கையில கணக்கு இருந்தா பேச்சுக்கு மரியாதை தனி.

நாங்க ஆரம்பிச்சுட்டோம். அந்தக் கால்வாய் ஓரமா, சுவருக்குத் தெக்கே முப்பது மீட்டர் தள்ளி லேஅவுட்டுக்குப் பொதுவான இடம் ஒண்ணு இருக்கு. அங்க ஒரு சின்ன பாலமும் நடைவழியும் போட்டா யார் மனையும் போகாது. 1,600 மீட்டர், 300 மீட்டருக்குள்ள வந்துடும். படம் வரைஞ்சாச்சு. தெருவுல 41 வீட்டுல கையெழுத்து வாங்கியாச்சு. மனு எழுதினது ஃப்ரெண்ட். ஸ்பெல்லிங் மிஸ்டேக் பார்த்தது நான்.

முதல் கையெழுத்து அவன் அப்பா போட்டார். கடைசிக் கையெழுத்து யார் தெரியுமா? சுவர் கட்டின அந்த மனைக்காரர். "எங்க வீட்டம்மாவும் அதே கம்பெனி பஸ்தான் தம்பி. சுவத்தைக் கட்டினதுல இருந்து அவளும் சுத்திகினுதான் போறா"ன்னார்!